கூசிப் பிரபு ஏழாம் ஆங்கெரானின் குடும்பமும் திருமணங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெண் கொடுத்த மாமனார் இங்கிலாந்தின் மன்னர். கடமைப்பட்ட அரசர் பிரான்சின் மன்னர். இருவருக்கும் நடுவே நூற்றாண்டுப் போர். இந்த நிலையில் ஒரு பிரெஞ்சுப் பிரபு எப்படிக் குடும்பம் நடத்தினார், அவருடைய மனைவியரும் மகள்களும் என்ன ஆனார்கள் என்று வாசகர்கள் பலர் கேட்டிருக்கிறார்கள். போர்க்களங்களைப் பற்றி ஏற்கெனவே நிறைய எழுதப்பட்டுவிட்டது. அதனால் இங்கே வீட்டுக்குள் நடந்தவற்றுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

யார் இந்த ஆங்கெரான்?

1340-இல் பிறந்தவர். வடக்குப் பிரான்சின் பிக்கார்டிப் பகுதியில், சுவாசோன் நகருக்கு வடக்கே உள்ள கூசி கோட்டையின் பிரபு. அந்தக் கோட்டையின் மையக் கோபுரம் மட்டும் 50 மீட்டருக்கு மேல் உயரமும் சுமார் 30 மீட்டர் விட்டமும் கொண்டிருந்தது. "அரசன் அல்லேன், இளவரசன் அல்லேன், கோமகன் அல்லேன், கோமானும் அல்லேன், நான் கூசிப் பிரபு" என்பது அந்த வீட்டாரின் முழக்கம் (கோமகன் என்றால் டியூக், கோமான் என்றால் அவருக்குக் கீழ்நிலையிலுள்ள கவுண்ட் அல்லது ஏர்ல்). பட்டம் எதுவும் வேண்டாம், ஊர்ப்பெயரே போதும் என்ற பெருமிதம் அதில் தெரிகிறது.

இரண்டு முறை மணந்தார். மகள்கள் மூவர். மணத்துக்கு வெளியே பிறந்த மகன் ஒருவர். 1397 பிப்ரவரி 18 அன்று இன்றைய துருக்கியில் உள்ள புர்சா நகரில், ஒட்டோமான் சுல்தான் பாயசீதின் கைதியாக இறந்தார். ஆண்வாரிசு இல்லாததால் கூசிப் பிரபுக்களின் வரிசை அவரோடு முடிந்தது.

அவருடைய பெற்றோர் யார்?

தந்தை ஆறாம் ஆங்கெரான் 1346-இல் இறந்தார். தாய் கத்தரீன், ஆஸ்திரியாவின் ஹாப்ஸ்பர்க் கோமகன் முதலாம் லியோபோல்டின் மகள். கணவர் இறந்த சில காலத்தில் மறுமணம் செய்துகொண்ட அவரும், கொள்ளைநோய் ஐரோப்பாவைச் சூறையாடிக்கொண்டிருந்த 1349-இல் காலமானார். ஒன்பது வயதுக்குள் தாயும் தந்தையும் இல்லாமல் போயினர்.

தாய்வழிச் சொத்தை அவர் மறக்கவில்லை. தாயின் சீதனமாகத் தனக்குச் சேரவேண்டிய நிலங்கள் அல்சாஸிலும் ஆர்காவிலும் இருப்பதாகச் சொல்லி, 1375-இல் பெரும் கூலிப்படை ஒன்றைத் திரட்டி ஹாப்ஸ்பர்க் உறவினர்கள் மீதே பாய்ந்தார். அந்தக் கூலிப்படையினர் அணிந்த கூம்புத் தலைக்கவசங்களால் சுவிஸ் மக்கள் அதைக் 'கூக்லர் போர்' என்று அழைக்கிறார்கள். குளிர்காலத்தில் ஊர்மக்களே திரண்டு அந்தப் படையைப் பல இடங்களில் முறியடித்தார்கள். பின்னர் ஹாப்ஸ்பர்க் உறவினர்களோடு செய்த உடன்படிக்கையில் கிடைத்த நீடாவ், பியூரன் ஆகிய இரு ஊர்களையும் 1388-இல் பேர்ன், சோலோதூர்ன் நகரத்தார் பறித்துக்கொண்டனர். தாயின் சீதனத்துக்காகப் போருக்கே போன இதே மனிதரின் மகள்கள், பிற்காலத்தில் அவர் விட்டுச்சென்ற சொத்துக்காக நீதிமன்றம் போனார்கள்.

'ஏழாம்' என்றால் தந்தை வழியில் தொடர்ந்து ஏழு பேரா?

இல்லை. நடுவில் ஆண்வழி ஒரு முறை அறுந்திருக்கிறது. பெருங்கோபுரத்தைக் கட்டியவர் மூன்றாம் ஆங்கெரான். அவருடைய மகள் மரி 1239-இல் ஸ்காட்லாந்து மன்னர் இரண்டாம் அலெக்சாந்தரை மணந்து அரசியானார். மூன்றாம் அலெக்சாந்தர் இவருடைய மகன்தான். மரியின் சகோதரர் நான்காம் ஆங்கெரான் கொடூரத்துக்குப் பேர்போனவர். தன் காட்டுக்குள் நுழைந்த மூன்று இளைஞர்களை விசாரணை இன்றித் தூக்கிலிட்டதற்காக மன்னர் ஒன்பதாம் லூயி அவரைச் சிறையிலடைத்துப் பெரும் அபராதம் விதித்தார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. 1311-இல் அவர் இறந்ததும், கீன் கோமான் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டிருந்த சகோதரி அலீசின் பிள்ளைகளுக்குச் சொத்து போனது. அவர்கள் கூசி என்ற பெயரையும் சின்னத்தையும் எடுத்துக்கொண்டார்கள். நம் ஆங்கெரான் அந்த அலீசின் வழியில் வந்தவர். ஆகவே அவர் ஆண்ட கோட்டையே ஒரு பெண்ணின் வழியாக வந்த கோட்டை.

காதலனின் இதயத்தைச் சமைத்து மனைவிக்குப் பரிமாறிய கதை இவருடையதா?

பலரும் கேட்கும் கேள்வி. அது வேறு மனிதரைப் பற்றியது, அதுவும் கதை. அந்தக் கதையின் நாயகர் கூசிக் கோட்டையின் காவல் அதிகாரியாக இருந்த கவிஞர். அவர் 1203-இல், நான்காம் சிலுவைப் போருக்குப் போகும் வழியில் கடலில் இறந்தார். கோட்டையின் பிரபு வேறு, கோட்டைக் காவல் அதிகாரி வேறு.

எதிரி நாட்டு மன்னர் இவருக்கு எப்படிப் பெண் கொடுத்தார்?

1356-இல் புவாத்தியே போரில் பிரெஞ்சு மன்னர் இரண்டாம் ஜான் ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டார். 1360-இல் ஏற்பட்ட பிரெத்தினி உடன்படிக்கையின்படி அவருக்கு மீட்புத்தொகை 30 லட்சம் பொற்காசுகள். அதைத் தீர்க்கும் வரை பிணையாக நாற்பது பிரபுக்கள் லண்டனில் இருக்க வேண்டும். அவர்களில் ஒருவராக இருபது வயது ஆங்கெரான் கடல் கடந்தார்.

பிணைவாசம் என்றால் இருட்டறைச் சிறை என்று எண்ண வேண்டாம். விருந்து, வேட்டை, நடனம் என்று அரசவையோடு கலந்த வாழ்க்கை அது. அப்போது அந்த அரசவையில் இருந்த வரலாற்றாளர் ஃப்ருவாசார், இளம் கூசிப் பிரபு தன் முறை வரும்போதெல்லாம் ஆடலிலும் பாடலிலும் மின்னினார் என்றும், ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஒருசேர அவரை விரும்பினர் என்றும் எழுதியிருக்கிறார். கொள்ளுப்பாட்டி வழியாக வடக்கு இங்கிலாந்தில் அவருக்கு உரிமையிருந்த நிலங்களையும் மன்னர் மூன்றாம் எட்வர்டு திருப்பித் தந்தார்.

1365 ஜூலை 27 அன்று விண்ட்சர் கோட்டையில் எட்வர்டின் மூத்த மகள் இசபெல்லாவுக்கும் ஆங்கெரானுக்கும் திருமணம் நடந்தது. மணமகளுக்கு வயது 33, மணமகனுக்கு 25. இசபெல்லா அவரை விரும்பியிருக்க வேண்டும் என்றே நான் நினைக்கிறேன். அதற்கான காரணம் அடுத்த பதிலில் இருக்கிறது.

அரசரின் மூத்த மகள் 33 வயது வரை ஏன் மணமாகாமல் இருந்தார்?

வரன் வராமல் இல்லை. இரண்டு திருமணங்கள் மணமேடை வரை வந்து நின்றன.

1347-இல் பிளாண்டர்ஸ் கோமான் லூயிக்கு நிச்சயம் செய்தார்கள். பிளாண்டர்ஸ் நகரத்தாருக்கு ஆங்கிலேயக் கம்பளி வேண்டும், அதனால் இங்கிலாந்துச் சம்பந்தமும் வேண்டும். ஆனால் லூயியின் தந்தை முந்தைய ஆண்டுதான் கிரேசிப் போரில் ஆங்கிலேயரை எதிர்த்து மாண்டிருந்தார். தந்தையைக் கொன்றவரின் மகளை மணக்க அந்த இளைஞருக்கு மனம் வரவில்லை. ஒப்புக்கொண்டதுபோல் நடித்து, வல்லூறு வேட்டைக்குப் போன இடத்திலிருந்து குதிரையைத் தட்டிவிட்டுப் பிரான்சுக்குத் தப்பிவிட்டார். அவரை ஒருவரும் குறைசொல்ல முடியாது. ஆனால் திருமணத்துக்குச் சில நாட்களே இருக்க, ஊரறியக் கைவிடப்பட்ட பதினான்கு வயதுப் பெண்ணின் மனநிலையை எண்ணிப் பார்த்து எழுதியவர்கள் குறைவு.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1351-இல், கஸ்கோனியைச் சேர்ந்த ஆல்ப்ரே வீட்டுப் பெர்னாருக்கு அவரைக் கொடுக்க ஏற்பாடானது. கப்பல் தயார், புடவையும் நகையுமாகச் சீர்வரிசை தயார் என்று நம் ஊரில் சொல்வோமே, அப்படி எல்லாம் தயார். புறப்படும் நேரத்தில் இந்த முறை இசபெல்லா திரும்பிவிட்டார். தந்தை கடிந்துகொண்டதாகத் தெரியவில்லை. தொடர்ந்து வருவாயும் நிலமும் கொடுத்துச் செல்லமாகவே வைத்திருந்தார். வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த, சொன்னால் எடுபடும் நிலையிலிருந்த ஒரு பெண், பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகு ஆங்கெரானுக்குச் சரி என்றார் என்பதால்தான் இது அவருடைய விருப்பம் என்று கருதுகிறேன்.

மாப்பிள்ளைக்கு என்ன கிடைத்தது?

முதலில் விடுதலை, மீட்புத்தொகை ஏதுமின்றி. 1366 மே மாதம் பெட்போர்டு கோமான் பட்டம். இங்கிலாந்தின் மிக உயர்ந்த வீரர் அணியான கார்ட்டர் அணியில் இடம். 1367-இல் சுவாசோன் கோமான் பட்டமும் வந்தது. வேறொரு பிரெஞ்சுப் பிணையாளர் தன் விடுதலைக்கு விலையாக எட்வர்டிடம் ஒப்படைத்த நிலம் அது. கூசிக்கு ஒட்டிய மண்ணையே மாமனார் மருமகனுக்குக் கொடுத்தார். பிரான்சுக்குள் தனக்கு ஒரு நம்பகமான ஆள் வேண்டும் என்ற கணக்கும் அதில் இருந்தது.

1366-இல் மூத்த மகள் மரி கூசியில் பிறந்தார். 1367-இல் இளையவர் பிலிப்பா இங்கிலாந்தில், எல்தம் அரண்மனையில் பிறந்தார். இரண்டு குழந்தைகள் இரண்டு நாடுகளில் பிறந்தார்கள். பின்னால் வரப்போவதற்கு அது அப்போதே ஓர் அடையாளமாக அமைந்துவிட்டது.

1369-இல் போர் மறுபடி மூண்டபோது அவர் எந்தப் பக்கம்?

எந்தப் பக்கமும் இல்லை. பிரான்சுக்காகப் போரிட்டால் மாமனாருக்கும் மைத்துனர்களுக்கும் எதிராக வாளெடுக்க வேண்டும். இங்கிலாந்துக்காகப் போரிட்டால் பிறந்த மண்ணுக்கும் தன் அரசருக்கும் துரோகம். ஆகவே ஆல்ப்ஸ் மலை தாண்டி இத்தாலிக்குப் போய், போப்பின் படையில் சேர்ந்து மிலானை ஆண்ட விஸ்கோந்தி குடும்பத்தாரை எதிர்த்துச் சில ஆண்டுகள் போரிட்டார். இதைக் கோழைத்தனம் என்று அந்தக் காலத்தில் யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. 1370-இல் ஆங்கிலேயப் படை பிக்கார்டியைச் சூறையாடியபோது, கூசி நிலங்களைத் தொடாமல் சுற்றிப் போனது. மருமகன் என்ற உறவை அவர்களும் மதித்தார்கள்.

ஆனால் எவ்வளவு காலம் இரண்டு தோணியில் கால் வைத்து நிற்பது? 1377 ஜூன் மாதம் எட்வர்டு இறந்தார். அதே ஆண்டு ஆகஸ்டு 26 அன்று, புதிய மன்னரான இரண்டாம் ரிச்சர்டுக்கு ஆங்கெரான் கடிதம் எழுதினார். ரிச்சர்டு இசபெல்லாவின் அண்ணன் மகன், வயது பத்து. அந்தக் கடிதத்தில் பெட்போர்டு பட்டத்தையும் ஆங்கில நிலங்களையும் கார்ட்டர் அணி உறுப்பினர் என்ற பெருமையையும் துறந்தார். பிரான்ஸ் மன்னரே தன் இயல்பான தலைவர் என்று அறிவித்தார். மாமனார் உயிரோடு இருந்தவரை இதைச் செய்யாமல் காத்திருந்தார் என்பதில் அவருடைய பண்பு தெரிகிறது.

அப்படியானால் இசபெல்லா?

விவாகரத்து நடக்கவில்லை. பிரிந்தார்கள். இசபெல்லா இங்கிலாந்தில் தங்கினார். கணவர் துறந்த நிலங்களின் வருவாய் அவருடைய பிழைப்புக்கு ஒதுக்கப்பட்டது. பிலிப்பா தாயோடு இருந்தார். கூசியின் வாரிசான மரி தந்தையோடு பிரான்சில் வளர்ந்தார். உடன்பிறந்த இரு சிறுமிகளை நாட்டுக்கொன்றாகப் பங்கிட்டுக்கொண்டதுபோல ஆயிற்று. சில ஆண்டுகளில் இசபெல்லா இறந்தார். லண்டனில் பிரான்சிஸ்கன் துறவியரின் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். பிறந்த வீட்டிலேயே பெரும்பகுதி வாழ்நாளைக் கழித்த இந்த இளவரசியைப் 'பெரும் செலவாளி, பிடிவாதக்காரி' என்று இரண்டு சொல்லில் கடந்துபோகிறவர்கள் உண்டு. செலவாளிதான். ஆனால் கணவரும் தகப்பனாரும் போரின் எதிரெதிர்க் கரைகளில் நிற்க, நடுவில் நின்றவரும் அவர்தான்.

பிலிப்பாவின் திருமணம் ஏன் அரசியல் புயலானது?

குடும்பத்தில் என் மனத்தை மிகவும் தொட்டவர் பிலிப்பா. நான்கு வயதுகூட நிறையாத நிலையில், 1371-இல், ஆக்ஸ்போர்டு கோமான் வாரிசான ராபர்ட் டி வியருக்கு நிச்சயிக்கப்பட்டார். 1376-இல் மணம். கணவரோ சிறுவர் ரிச்சர்டின் உயிர்த்தோழராகி, மன்னர் தயவில் அயர்லாந்துக் கோமகன் பட்டம் வரை உயர்ந்தார்.

1387-இல், பிலிப்பாவுக்கு இருபது வயது ஆகும்போது, டி வியர் அவரை ஒதுக்கிவிட்டு, ரிச்சர்டின் மனைவியான அரசி ஆனுடன் பொஹீமியாவிலிருந்து வந்த தோழிப்பெண் ஆக்னஸ் லான்செக்ரோனாவைச் சேர்த்துக்கொண்டார். ரோமில் இருந்த போப்பிடமிருந்து மணவிலக்கும் வாங்கினார். அதற்காகப் பொய்ச்சாட்சி சொல்லவைத்தார்கள் என்பது பின்னர் வெளிப்பட்டு, அந்த விலக்கு செல்லாமல் போனது. அப்போது போப்புகளும் இருவர். இங்கிலாந்து ரோமைப் பின்பற்றியது. பிரான்ஸ் அவினியோனைப் பின்பற்றியது. தந்தையும் மகளும் நாட்டால் மட்டுமின்றித் திருச்சபையாலும் பிரிந்திருந்தார்கள்.

ஒதுக்கப்பட்ட பெண்ணுக்கு அடைக்கலம் தந்தவர் யார் தெரியுமா? மாமியார். டி வியரின் தாய் மாட், தன் மகனைச் சபித்து, மருமகளை வீட்டுக்கு அழைத்துவந்து சொந்த மகளாக வைத்துக்கொண்டார் என்று அக்கால வரலாற்றாளர்கள் பதிந்திருக்கிறார்கள். ஒரு தாய்க்கு அது எளிய முடிவாக இருந்திருக்காது.

அரச குடும்பமும் கொதித்தது. பிலிப்பா மூன்றாம் எட்வர்டின் பேத்தி. அவருடைய தாய்மாமன்மார் இதைத் தங்கள் இரத்தத்துக்கு நேர்ந்த அவமானமாக எடுத்துக்கொண்டார்கள். இளைய மாமன் குளோஸ்டர் கோமகன், மன்னரின் செல்வாக்குத் தோழர்களை எதிர்த்த பிரபுக்களின் தலைவர். அந்த மோதலுக்கு வரி, போர், அதிகாரம் என்று பெரிய காரணங்கள் இருந்தன என்றாலும், இந்த வீட்டுக் காயமும் சேர்ந்தே எரிந்தது. 1387 டிசம்பரில் ராட்காட் பாலத்தருகே டி வியரின் படை சிதறியது. அவர் கடல் கடந்து தப்பி, 1392-இல் லூவேன் நகரில் காட்டுப்பன்றி வேட்டையில் இறந்தார். பிலிப்பா அயர்லாந்துக் கோமகள் என்ற பட்டத்தோடே 1411 வரை வாழ்ந்தார்.

அவர்களிடையே அத்தை மகள், மாமன் மகன் திருமணம் உண்டா?

திருச்சபைச் சட்டப்படி கூடாது. 1215-இல் கூடிய லாத்தரன் சங்கம் என்ற திருச்சபைப் பேரவை, நான்கு தலைமுறைக்குள் பொது மூதாதை இருந்தால் மணம் செல்லாது என்று வகுத்தது. நமக்கு முறைப்பெண்ணாகத் தோன்றுபவர் அவர்களுக்குச் சகோதரி போன்றவர். ஆனால் உயர்குடிகள் எல்லாரும் ஒருவருக்கொருவர் உறவாகவே இருந்ததால், போப்பிடம் விலக்கு அனுமதி வாங்குவது வழக்கமாயிற்று. பிடிக்காத மணத்தை முறிக்கவும் இதே உறவுமுறை கைகொடுத்தது.

இரண்டாவது மனைவி யார்?

லொரேன் கோமகன் முதலாம் ஜானின் மகள் இசபெல். 1386-இல் மணம். ஆங்கெரானுக்கு அப்போது 46 வயது, மணமகள் மிக இளையவர். ஆண்வாரிசு வேண்டும் என்பதே முதன்மை நோக்கமாக இருந்திருக்க வேண்டும். பிறந்தது ஒரு மகள், அவருக்கும் இசபெல் என்றே பெயர். மூத்தவர் மரிக்கு அதற்கு முன்பே பார் கோமகனின் மூத்த மகன் ஆன்றியோடு திருமணம் முடிந்திருந்தது.

மணத்துக்கு வெளியே பிறந்த மகன்?

பெர்சவால். தந்தையால் ஏற்கப்பட்டு, நிலமும் பெற்றவர். ஆனால் சட்டப்படி கூசியை ஆள உரிமை இல்லை.

அவர் இறந்த பிறகு சொத்து யாருக்குப் போனது?

1396 செப்டம்பர் 25 அன்று, டான்யூப் கரையில் இன்றைய பல்கேரியாவின் நிக்கோபோலிஸில், துருக்கியரிடம் பிரெஞ்சுச் சிலுவைப் படை தோற்றது. ஆங்கெரான் புர்சாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். இளம் மனைவி இசபெல் அவரைத் தேடி மீட்க ரோபேர் தேன் என்ற வீரரை அனுப்பினார். வழியிலேயே இறப்புச் செய்தி எதிர்ப்பட்டதால் அவர் திரும்பிவிட்டார் என்று ஃப்ருவாசார் எழுதுகிறார். பிப்ரவரி 16-இல் உயில், 18-இல் மரணம். 1390-இல் சுவாசோன் அருகே அவரே நிறுவிய செலஸ்தீன் மடத்துக்கு அவருடைய இதயம் மட்டும் வந்துசேர்ந்தது.

அதே படையெடுப்பில் சென்ற மருமகன் ஆன்றியும் 1397-இல் ஊர் வந்து சேராமலே இறந்தார். ஒரே ஆண்டில் தந்தையையும் கணவரையும் இழந்த மரிக்கு எதிரில், கைம்பெண் பங்கு கேட்டுச் சிற்றன்னை நின்றார். சுற்றிலும் பெரிய வீடுகளின் கண்கள் அந்தக் கோட்டைமேல் இருந்தன. 1400-இல் மரி, பிரெஞ்சு மன்னரின் தம்பி ஓர்லேயான் கோமகன் லூயிக்குக் கூசியை விற்றார். பேசிய விலை 4 லட்சம் லீவர். அது முழுதாகக் கைக்கு வரவே இல்லை. 1405-இல் மரி இறந்தார். 1408-இல் பாரிஸ் உயர் நீதிமன்றம் தங்கை இசபெலுக்கும் பங்கு உண்டு என்று தீர்த்தது. அடுத்த ஆண்டே பர்கண்டி வீட்டாரான நெவேர் கோமான் பிலிப் அவரை மணந்தார். அந்தப் பிலிப்பின் அண்ணன்தான் 1407-இல் ஓர்லேயான் லூயியைப் பாரிஸ் தெருவில் கொல்லவைத்தவர். பிரான்சை இரண்டாகக் கிழித்த இரு பகைவீடுகளும் கூசிச் சொத்தில் பங்குதாரர்கள் ஆயின. இளைய இசபெலும் 1411-இல் இறந்தார்.

ஓர்லேயான் லூயியின் பேரன் பன்னிரண்டாம் லூயியாக 1498-இல் முடிசூடியபோது கூசி அரச உடைமையாயிற்று. கோபுரத்தை 1917-இல் பின்வாங்கிய ஜெர்மன் படை வெடிவைத்துத் தகர்த்தது.

இன்று அவருடைய வம்சம் உண்டா?

மரி வழியாக உண்டு. மரியின் மகன் ரோபேர், 1415 அக்டோபர் 25 அன்று அஜின்கூர் போரில் ஆங்கிலேயரை எதிர்த்து மாண்டார். எதிரில் படைநடத்திய ஐந்தாம் ஹென்றி, இசபெல்லாவின் தம்பியான கான்ட் ஜானின் பேரன். ஹென்றியின் தந்தைக்கு மரி அத்தை மகள். நம் முறைப்படி கணக்கிட்டால் ரோபேரும் ஹென்றியும் அண்ணன் தம்பி முறை ஆகிறார்கள். நெவேர் பிலிப்பும் அன்று அதே களத்தில் விழுந்தார்.

ரோபேர் விட்டுச்சென்றது ஒரு மகளை மட்டும், பெயர் ழான். அவர் லக்சம்பர்க் வீட்டு லூயியை மணந்தார். அவர்களுடைய பேத்தி மரி, பூர்போன் வீட்டில் வாழ்க்கைப்பட்டார். அந்த மரியின் பேரன் அந்துவான், நவார் அரசி ழானை மணந்தார். அவர்களுடைய மகன் 1589-இல் பிரான்ஸ் மன்னரான நான்காம் ஆன்றி. இந்த நவார் அரசி ழான் பிறந்தது ஆல்ப்ரே வீட்டில். 1351-இல் கப்பலேறப்போன இசபெல்லா வேண்டாம் என்று திரும்பிய அதே வீடு.